சித்தி பாடவில்லை

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. கர்த்தர் உன்னை அங்கே பத்திரமாக வைத்திருப்பார் என்று நம்பித்தான் இங்கே ஒவ்வொரு நாளும் விடிகிறது. நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், உடம்பைப் பொறுத்தவரை அது உண்மைதான், மனசைப் பற்றிக் கேட்டால் வேறு பதில், அதற்கு வருகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான் இருக்கிறது, நிற்காமல் உட்கார்ந்து வேலை செய்யுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எந்த மனுஷனால் கோட்டுத் தேய்க்க முடியும், நீயே சொல். உன் தங்கச்சி கண் டாக்டரிடம் வரவேற்பு வேலையில் சேர்ந்துவிட்டாள், சேர்ந்த நாளிலிருந்து வீட்டில் யார் எதைப் படித்தாலும் பக்கத்தில் வந்து நின்று கண்ணாடி போடுங்கள் என்று உயிரை எடுக்கிறாள். நம் சலவைக் கடையில் அந்தப் பழைய துணி உலர்த்தும் மெஷின் ஒருவழியாகக் கண்ணை மூடிவிட்டது, புதிது வந்திருக்கிறது, சத்தமே இல்லை, அதனால் அது ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று அப்பா அடிக்கடி காதை வைத்துப் பார்க்கிறார். சித்தி இப்போது எங்களோடுதான் இருக்கிறாள், உன் அறையைத்தான் கொடுத்திருக்கிறோம். அவள் வீட்டில் இருக்கும்போது இதையெல்லாம் போனில் பேச முடியாது, அவள் வெளியே போயிருக்கிற காலை நேரம் நீ தூங்குகிற நேரம், இந்தச் சுவருக்குக் காது என்ன, வாயே உண்டு. மாடி வீட்டு நர்ஸ் லீவு முடிந்து உன் பக்கம் திரும்பிப் போகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன், தனியாக உட்கார்ந்து நிதானமாகப் படி.

உன் செய்தி வந்தது. உங்கள் சபையில் இனிமேல் நீதான் ஆராதனை நடத்த வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள், அடுத்த மாதம் தொடங்கப் போகிறாய், ஆராதனை நடத்துறவனுக்கு என்னம்மா தகுதி வேணும், நீதான் இத்தனை வருஷமா பாடகர் குழுவுல நிக்கிறியே, சொல்லு என்று எழுதியிருந்தாய். அப்பா அதைப் படித்துவிட்டுக் கடைக்குத் துணி போட வந்தவர், வாங்க வந்தவர், வழி கேட்க வந்தவர் ஒருத்தரையும் விடாமல் சொல்லிவிட்டார். எனக்கும் சந்தோஷம்தான், பெத்த வயிறு குளிர்ந்துவிட்டது. ஆனால் அதற்குக் கீழே இன்னொன்று எழுதியிருந்தாயே, முதல் ஞாயிற்றுக்கிழமை சித்தி பாடுகிற வீடியோவைத் திரையில் போட்டுக் காட்டிவிட்டு, அது முடிகிற இடத்திலிருந்து நீ பாட்டைத் தொடங்கப் போகிறாய் என்று. அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதை நீ போடக் கூடாது. ஏன் என்று சொல்லத்தான் இத்தனை காகிதம். நீ கேட்ட தகுதியும் இதற்குள்ளேயேதான் வரும், தனியாக எழுதி அனுப்ப நான் ஒன்றும் வேதாகமக் கல்லூரி நடத்தவில்லை.

இங்கே இப்போது ஆராதனை நடத்துகிறவரை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தவர். குரல் நல்ல குரல், அதைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் அந்த மனுஷனுக்கு எந்தப் பாட்டையும் முடிக்கத் தெரியாது. பாட்டு முடிந்தது, அப்பாடா என்று நாங்கள் மூச்சு விடுகிற நேரம் பார்த்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, இன்னொரு தரம் என்பார். அது முடிந்ததும் இன்னொரு தரம். உட்காரலாமா நிற்கலாமா என்று வயசானவர்கள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு தவிப்பார்கள். உன் தங்கச்சி அவருக்கு இன்னொருதரம் என்றே பெயர் வைத்துவிட்டாள், பாதிச் சபை இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறது, அவருக்கு மட்டும் தெரியாது. துணியெல்லாம் நம் கடைக்குத்தான் வரும். முட்டியில் கிழிந்த பேண்ட்டைக் கொண்டுவந்து கொடுத்தார், அப்பா பாவம், ஊழியக்காரர் கிழிசலோடு நிற்கிறாரே என்று மனசு கேட்காமல் அதை நன்றாகத் தைத்து, மடிப்பு வைத்துத் தேய்த்துக் கொடுத்துவிட்டார். அதற்கு அந்த ஆள் குதித்த குதி இருக்கிறதே. கிழிசல்தானாம் அதற்கு விலையே. இதையெல்லாம் நாங்கள் சிரித்துவிட்டு விட்டுவிட்டோம், சின்ன வயசு, போகட்டும் என்று. எனக்கு முதல் தடவை அருவருப்பு வந்தது வேறு ஒன்றைப் பார்த்து.

முன்னால் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அவருடைய முகம் தெரியும். பாடகர் குழுவில் நாங்கள் மேடையில் அவருக்குப் பின்னால் நிற்கிறோம், எங்களுக்கு முதுகு தெரியும், முதுகுக்குப் பின்னால் கையும் தெரியும். ஒரு விரலைக் காட்டினால் பல்லவிக்குத் திரும்பு என்று அர்த்தம், உள்ளங்கையை விரித்துக் கீழே இறக்கினால் கீபோர்டு மட்டும் மெதுவாக ஓட வேண்டும், கையை மூடினால் டிரம்ஸ் நிற்க வேண்டும். இதில் ஒரு தப்பும் இல்லை, எல்லாக் குழுவிலும் உள்ளதுதான், பாட்டுக்கு நடுவில் கத்திக்கொண்டா இருக்க முடியும். ஆனால் அவர் முதலில் உள்ளங்கையை இறக்குவார், கீபோர்டு உருக ஆரம்பிக்கும், அடுத்து ஒரு விரலைக் காட்டுவார், எல்லாரும் தயாராகிவிடுவார்கள், அதற்கு அப்புறம்தான் குரலைத் தழுதழுக்க வைத்துக்கொண்டு, ஆவியானவர் நம்மை இந்தப் பாட்டுலயே இன்னும் நிக்கச் சொல்றார் என்பார். ஆவியானவர் சொல்வதற்கு முன்னாலேயே விரலுக்குத் தெரிந்துவிட்டது. முன் வரிசையில் நாலு பேர் கண்ணைத் துடைப்பார்கள். பின்னால் நிற்கிற நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருப்பேன், சீ என்று வரும். ஆனாலும் வாயைத் திறந்து பாடிக்கொண்டுதான் இருந்தேன், சபையில் நின்று சண்டையா போட முடியும்.

முன்பு நடத்தினவரை உனக்கு ஞாபகம் இருக்கும், இன்சூரன்ஸ் ஏஜென்ட், பாலிசி மாமா. அவர் குரலைக் கேட்டால் யாரோ மரப்பெட்டியைத் தரையில் இழுக்கிற மாதிரி இருக்கும், அவரையும் ஒன்றும் பரிசுத்தவான் என்று சொல்ல மாட்டேன், ஆராதனை முடிந்து வாசலில் நின்று கைகுலுக்குகிற சாக்கில் புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் பாலிசியை விற்றுவிடுவார், பிரசங்கம் தொடங்கினதும் தூங்கியும் விடுவார். ஆனால் பாட்டு எடுப்பதற்கு முன்னால் கீழே இறங்கி வந்து, முன் வரிசையில் இருக்கிற வயசானவர்களிடம் இந்தச் சுதி ஒத்துவருமா, மேல எட்டுமா என்று மெல்லப் பாடிக் காட்டிக் கேட்பார். ஜனங்கள் பாட்டைப் பிடித்துக்கொண்டதும் மைக்கை விட்டு இரண்டடி பின்னால் போய் நின்றுவிடுவார். அப்புறம் அவர் குரலே கேட்காது, நம் குரல்தான் நமக்குக் கேட்கும். அப்போது எனக்கு இது பெரிய விஷயமாகவே படவில்லை, இப்போது உள்ளவர் காதில் ஒரு கருவியை அடைத்துக்கொண்டு தன் குரலையும் டிரம்ஸையும் மட்டும் கேட்டுக்கொண்டு நிற்கிறார், கீழே சபை பாடுகிறதா பாட்டை நிறுத்திவிட்டு வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறதா என்பதே அவருக்குத் தெரிவதில்லை. அதைப் பார்த்த பிறகுதான் பாலிசி மாமாவின் அருமை தெரிகிறது.

சரி, சித்தி விஷயத்துக்கு வருகிறேன். சித்தப்பா லிஃப்ட் பழுது பார்க்கப் போன இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து போன பிறகு, அவள் சபைக்கே வரவில்லை. நான் கூப்பிடும்போதெல்லாம், ஆறுதல் சொல்றேன்னு வந்து ஆளாளுக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழறாங்க அக்கா, அவங்களை நான்தான் தேத்த வேண்டியிருக்கு, என்னால ஆகாது என்பாள். ஒருவழியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாள், அதுவும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு. கடைசி வரிசை, கதவோரம், பாடகர் குழுவில் வந்து நிற்க மாட்டாள், முடிவதற்கு முன்னாலேயே எழுந்து போய்விடுவாள், யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. நான் சரி சரி என்று தலையாட்டினேன். முந்தின நாள் இன்னொருதரம் கடைக்குச் சட்டை வாங்க வந்தபோது நானே அவரிடம் சொன்னேன், நாளைக்கு என் தங்கச்சி வர்றா தம்பி, வீட்டுக்காரர் போனப்புறம் முதல் தடவையா வர்றா, யாரும் போய் அவளைத் தொந்தரவு பண்ணாம கொஞ்சம் பாத்துக்குங்க என்று. அவரும் நெஞ்சில் கையை வைத்து, நான் ஜெபிச்சுக்கிறேன் அக்கா என்றார்.

மறுநாள் பாட்டுக்கு நடுவில் உள்ளங்கை இறங்கியது, கீபோர்டு உருகியது. கண்ணை மூடிக்கொண்டு அவர் சொல்கிறார், இங்க ஒரு சகோதரி இருக்கீங்க, வீட்டுக்காரரை இழந்துட்டு முதல் தடவையா வந்திருக்கீங்க, நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது, ஆனா கர்த்தர் உங்களை இப்ப முன்னால கூப்பிடுறார் என்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சித்தப்பா அடக்கத்துக்கு வந்து நின்று பாடின மனுஷன், யாரென்று தெரியாதாம். கர்த்தர் சொன்னார் என்று அவர் சொன்னது, முந்தின நாள் கடையில் சட்டைக்கு மேல் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டே நான் சொன்னது. தலைகள் எல்லாம் ஒன்றாகத் திரும்பின. வாசலில் வரவேற்கிற அம்மா ஓடிப்போய் சித்தியின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள், சித்தி என்ன செய்வாள், தோளில் கைப்பையோடு, பேய் அறைந்த மாதிரி வந்து நின்றாள். அவர் ஒரு கையை அவள் தோளில் வைத்துக்கொண்டார், இன்னொரு கையால் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், பாடுங்க அக்கா, கர்த்தருக்குப் பாடுங்க என்றார். கேமரா கிட்டே வந்தது. திரையில் அவள் முகம் சுவர் அளவுக்குத் தெரிந்தது, உதட்டில் வெடிப்புகூடத் தெரிந்தது. அவள் மைக்கில் சொன்னாள், என்னால முடியல தம்பி, விட்டுருங்க. அவ்வளவுதான். சபை முழுவதும் கேட்டது. அவர் சட்டென்று மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, உடைஞ்ச இருதயத்தைக் கர்த்தர் பாக்குறார் என்று உரக்கச் சொன்னார், முதுகுக்குப் பின்னால் ஒரு விரலைக் காட்டினார். பாட்டு மறுபடி தொடங்கியது. தோளில் வைத்த கையை எடுக்கவே இல்லை, அவள் எப்படி இறங்கிப் போவாள். நான் வரிசையை விட்டு வந்து, அந்தக் கையைப் பிடித்து எடுத்துவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு பக்கத்துக் கதவு வழியாக வெளியே வந்துவிட்டேன். அவள் அழவில்லை, வீட்டுக்குப் போலாம் அக்கா என்று மட்டும் சொன்னாள்.

இதோடு போயிருந்தால்கூட நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். கொஞ்ச நாளில் அந்த வீடியோ வந்தது, நீ பார்த்தாயே, அதுதான். கணவனை இழந்தவளின் கீதம் என்று மேலே தங்க நிறத்தில் எழுத்து, கீழே அந்த ஆளின் பெயர். படத்தை மெதுவாக ஓடவிட்டு, வெளிச்சத்தை மஞ்சளாக்கி, சித்தி வாயைத் திறக்கிறாள், பாட்டு வருகிறது. எங்கிருந்து வந்தது பாட்டு? அவள் பாடவே இல்லையடா. முடியல என்று சொல்லத் திறந்த வாய்க்குள் பாட்டைக் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார்கள். பாடினது எங்கள் குழுவில் இருக்கிற பல் டாக்டர் வீட்டு மருமகள். திரைச்சீலை துவைக்கக் கொடுக்கிற சாக்கில் கடைக்கு வந்து அந்தப் பெண் கண் கலங்கிவிட்டாள், வேற ரெக்கார்டிங்னு சொல்லித்தான் என்னைப் பாட வெச்சாரு ஆன்ட்டி, இதுக்குன்னு தெரிஞ்சிருந்தா சத்தியமா பாடியிருக்க மாட்டேன் என்றாள். அவளைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம். நான் அந்த வீடியோவை ஒரு தடவைதான் பார்த்தேன், பார்த்துவிட்டுப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். ஏன் கழுவினேன் என்று கேட்காதே, கழுவத் தோன்றியது.

பாஸ்டர் ஐயாவிடம் போய்க் கேட்டேன். நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, நல்ல நோக்கத்தோடதானே செஞ்சிருக்காரு, அதைப் பாத்து எங்கெங்கயோ இருக்கிறவங்க ஆறுதல் அடைஞ்சிருக்காங்க, வாலிபர்கள் வர ஆரம்பிச்சிருக்காங்க என்றார். நான் கேட்டேன், ஐயா, நாளைக்கு நீங்க பிரசங்கம் பண்ண முடியலைன்னு நிக்கும்போது, வேற ஒருத்தர் பேசினதை உங்க வாயில ஒட்டி ஊருக்கெல்லாம் அனுப்பினா அதுவும் நல்ல நோக்கம்தானா என்று. அவர் எனக்குக் கொடுத்த தண்ணீரை எடுத்துத் தானே குடித்துவிட்டார். பிறகு, ஜெபிக்கலாம் என்றார். பாஸ்டர் ஜெபிக்கலாம் என்று சொன்னால் அந்த விஷயத்தைக் கிடப்பில் போட்டாயிற்று என்று அர்த்தம் என்கிறார் உன் அப்பா.

அப்புறம் அந்த ஆளே வீட்டுக்கு வந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறார் போல என்று நம்பி அப்பா டீ போட்டார், பார், என்ன வெகுளி மனுஷன். கூட ஒருத்தர் கேமராவோடு வந்து நடு வீட்டில் நின்றுகொண்டு எந்தச் சுவர் வெளிச்சமாக இருக்கிறது என்று பார்க்கிறார். இன்னொருதரம் டீயை உறிஞ்சிக்கொண்டே சித்தியிடம், அக்கா, உங்க கண்ணீர் வீணாப் போகல, எத்தனை பேர் பாத்திருக்காங்க தெரியுமா, அடுத்ததா உங்க சாட்சியை எடுத்துப் போட்டுரலாம், சித்தப்பா போட்டோவைக் கையில வெச்சுக்கிட்டு ரெண்டு வார்த்தை பேசினாப் போதும் என்கிறார். சித்தப்பாவாம், உறவு கொண்டாடிக்கொண்டு. சித்தி, நான்தான் பாடலையே தம்பி, அதுல பாடுறது யாரு என்று கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். அதற்கு அந்தப் பெரிய மனுஷன் சொன்ன பதிலைக் கேள். நீங்க பாடியிருந்தா எப்படி இருந்திருக்குமோ அதைத்தான் அக்கா போட்டிருக்கோம், ஆவியில நீங்க பாடினீங்க என்றார். கருமம், கருமம். உன் அப்பா, ஒரு ஈயைக்கூட விரட்டத் தெரியாத மனுஷன், எழுந்து முன்பக்கம் கடைக்குப் போனார், அந்த ஆளின் துணிகள் இன்னும் மெஷினில் போடாமல் கிடந்தன, அழுக்கோடு அப்படியே பையில் திணித்துக் கொண்டுவந்து கையில் கொடுத்து, வேற கடை பாத்துக்குங்க என்றார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் உன் அப்பாமேல் எனக்கு இவ்வளவு ஆசை வந்தது கிடையாது.

நீ நினைக்கலாம், அம்மா கோபத்தில் பெரிதுபடுத்துகிறாள், வீடியோ என்ன செய்துவிட்டது என்று. சித்தி என்ன வேலை செய்கிறாள் என்று யோசித்துப் பார். சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவது, கை கழுவ வைப்பது, தூங்க வைப்பது எல்லாமே அவளுக்குப் பாட்டுத்தான். இப்போது பாட்டையெல்லாம் வருகைப் பதிவு வாசிக்கிற மாதிரி சொல்லிக் கொடுக்கிறாளாம், பாடுவதில்லை. கூட வேலை செய்கிற டீச்சர் என்னிடம் வந்து, என்னம்மா ஆச்சு, பிள்ளைங்க மிஸ் ஏன் பாட மாட்டேங்கறாங்கன்னு கேக்குதுங்க என்றாள். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிற அம்மாக்கள் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, எவ்வளவு அழகாப் பாடுறீங்க மிஸ் என்கிறார்களாம். அவள் என்னிடம் சொன்னாள், இனிமே நான் பாடினா, வீடியோல நல்லா இருந்துச்சே, நேர்ல என்ன இப்படி இருக்குன்னுதானே அக்கா நினைப்பாங்க என்று. வேறு ஒருத்தி குரலை இவள் மேல் ஏற்றிவிட்டு, இவள் சொந்தக் குரலுக்கே இவளை வெட்கப்பட வைத்துவிட்டார்கள். புருஷன் போனபோதுகூட அவள் குரல் போகவில்லையடா, அடக்கத்தில் கடைசிப் பாட்டை அவள்தான் எடுத்தாள். இப்போது சமையலறையில் முணுமுணுப்புக்கூட இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

நீ கேட்ட தகுதிக்கு வருகிறேன். குரல் வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள், எனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. காதுதான் வேண்டும். உங்கள் சபையில் ராத்திரி வேலை முடித்துத் தூக்கக் கண்ணோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய், அவர்களை எழுந்து நில்லுங்கள், கையைத் தூக்குங்கள், பக்கத்தில் இருக்கிறவரைப் பார்த்துச் சிரியுங்கள் என்று பிடுங்காதே, உட்கார்ந்து பாடினாலும் கர்த்தருக்குக் கேட்கும். அவர்கள் தொண்டைக்கு எட்டுகிற சுதியில் எடு, உன் தொண்டை எங்கே ஜொலிக்கும் என்று பார்க்காதே. யாராவது அழுதால் நீ வேறு பக்கம் பார், அது உனக்காக வந்த அழுகை இல்லை. ஒருவர் பாடவில்லை என்றால் பாடாமல் இருக்க விடு, அவர் எப்போது பாடுவார் என்பது அவருக்கும் கர்த்தருக்கும் உள்ள கணக்கு, நடுவில் நீ மைக்கை நீட்டாதே. கர்த்தர் சொல்றார் என்று சொல்வதற்கு முன்னால் நாக்கைக் கடித்துக்கொள், நிஜமாகவே அவர் சொன்னாரா, இல்லை சனிக்கிழமை யாராவது உன் காதில் போட்டார்களா என்று ஒரு தடவை யோசி. பாட்டு முடிந்தால் முடித்துவிடு. சீக்கிரம் போய் நாற்காலி போடு, டிரம்ஸ் வாசிக்கிறவனோடு சண்டை இருந்தால் மேடைக்கு ஏறுவதற்கு முன்னால் பேசித் தீர்த்துக்கொள், வீட்டில் பேசுகிற குரலிலேயே அங்கேயும் பேசு, உனக்கு வராத தழுதழுப்பை வரவழைக்காதே, நீ சின்ன வயசிலிருந்தே பொய்யாக அழத் தெரியாதவன், அந்தப் பெயரைக் கெடுத்துக்கொள்ளாதே. முன்னால் நிற்கும்போது நாலு பேர் பாராட்டுவார்கள், அது தலைக்கு ஏறும், ஏறாது என்று சொல்லாதே, ஏறும், ஏறினால் எனக்குப் போன் பண்ணு, இறக்கிவிடுகிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதை எழுதலாமா வேண்டாமா என்று பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய், கடையை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தேன். எழுதிவிடுகிறேன். உன் செய்தி வந்த அன்றைக்கு எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். உனக்கு ஆராதனை நடத்துகிற பொறுப்பு வந்திருக்கிறது என்று மேல் பாதியைப் பார்த்ததும் சந்தோஷத்தில் நான் அதைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கிவிட்டேன், சித்தியும் ரொம்ப நாளைக்கு அப்புறம் முகம் மலர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கீழே என்ன வரப்போகிறது என்று எனக்கு எப்படித் தெரியும். சித்தி பாடினதைக் கேட்டு ரூமில் தனியாக உட்கார்ந்து அழுதேன், அந்தக் குரலைக் கேட்டதும் வீட்டுக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது என்று நீ எழுதியிருந்ததையும் அதே வேகத்தில் வாசித்துவிட்டேன். நான் கடையில் நிற்கும்போதெல்லாம் உன்னைத் தோளில் போட்டுப் பாடித் தூங்க வைத்தவள் அவள். கரகரவென்று, கொஞ்சம் மூக்கால், ஒவ்வொரு வரிக்கும் அரை மூச்சு தாமதமாகத் தொடங்குவாளே, அந்தக் குரலுக்கும் தேன் மாதிரி வழுக்கிக்கொண்டு போகிற இந்தக் குரலுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அவள் தட்டை மெல்லத் தள்ளி வைத்தாள். ஊர் உலகத்துக்கெல்லாம் தெரியலைன்னா பரவாயில்ல அக்கா, அவங்க யாரும் என் குரலைக் கேட்டதில்ல என்றாள். பிறகு, அவனுக்குமா தெரியல என்று கேட்டாள். அது என்னிடம் கேட்ட கேள்வியே இல்லை.

அவள் பள்ளிக்கூடம் விட்டு மதியத்துக்கு மேல் வீட்டில்தான் இருக்கிறாள். என்னைக் கூப்பிடாதே, அவளைக் கூப்பிடு. வீடியோவை எடுத்துவிட்டேன் என்று சொல், நான் தப்பாகக் கேட்டுவிட்டேன் சித்தி என்று சொல், பாடுங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதே. கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்கட்டும் என்று மற்றவர்கள் வாழ்த்துவார்கள், எனக்கு அவ்வளவு ஆசை இல்லை, உன்னைக் காது கேட்கிறவனாக வைத்திருக்கட்டும், உன் கையும் காலும் மனசும் சுகமாக இருக்கட்டும், நீ நிற்கிற இடத்தில் யாரும் கூசிப்போகாமல் இருக்கட்டும். அப்பாவும் தங்கச்சியும் அன்பு சொல்லச் சொன்னார்கள். குளிரில் தலையை மூடாமல் வெளியே போகாதே, நர்ஸிடம் மாத்திரையும் புதுச் சட்டை இரண்டும் கொடுத்திருக்கிறேன், சட்டையை அப்பாவே தேய்த்திருக்கிறார். சித்தி எதுவும் கொடுத்தனுப்பவில்லை. கேட்டேன், ஒன்றுமில்லை என்றாள்.

எப்போதும் உனக்காக ஜெபிக்கிற,
உன் அம்மா